ஏசுவடியான் ராஜ விசுவாசத்தால் மாண்ட கதை

பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் தகப்பன் உயிரோடிருக்கிறவனுக்குச் சர்க்கார் வேலை கிடைக்காது. இப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. அச்சான சட்டம் என்றால் வக்கீல் வைத்து வாதாடலாம். அச்சாகாத சட்டத்தோடு யார் போய் மல்லுக்கு நிற்பது? சக்கரவர்த்தியின் முடிசூட்டுக்காக நடந்த டில்லி தர்பார் முடிந்த மறு வருஷம், மெட்ரிகுலேஷன் பாஸான தேவசிகாமணி அந்தச் சட்டத்தில் போய் முட்டிக்கொண்டான். சொல்லத் தொடங்கும்போதே எனக்கு வாய் கசக்கிறது. கசந்தாலும் சொல்லித்தான் தீர வேண்டும்.

அவன் அப்பா ஏசுவடியான் வேதக்கோயிலில் கோயில்குட்டி. கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, வேளாவேளைக்கு மணி அடிக்கிற உத்தியோகத்துக்கு அதுதான் பெயர். கோயில் வளவுக்குள்ளேயே ஓர் ஓட்டு வீடு அந்த வேலையோடு ஒட்டியது. கயிறு இழுக்கக் கை இருக்கிறவரை வீடு உண்டு. ஏசுவடியானுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டு கை மேலே எழும்பவில்லை. இடது கையால் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். மணிச் சத்தம் நொண்டுகிறது என்று கோயில் கமிட்டியார் கண்டுபிடித்துவிட்டார்கள். வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்ற பேச்சு சாரம்மாள் காது வரைக்கும் வந்துவிட்டது. சாரம்மாள் அவர் மனைவி. அப்பாவின் கை முழுக்க விழுவதற்குள் மகனுக்கு ஒரு வேலை நிலைத்துவிட்டால், ஒரு வாடகை வீடு பிடித்து மானத்தோடு வெளியேறிவிடலாம். அந்தக் குடும்பத்தின் கவலையெல்லாம் இந்த ஒன்றுதான்.

கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி முத்திரைக் கச்சேரி இருந்தது. வியாபாரிகளின் படியும் மரக்காலும் பொய் சொல்லாமல் பார்த்து முத்திரை குத்துவது அதன் சோலி. அங்கே ஒரு குமாஸ்தா வேலை காலி என்று கேள்விப்பட்டு, தேவசிகாமணி முத்துமுத்தான கையெழுத்தில் தானே ஒரு மனு எழுதிக்கொண்டு போனான். பெயர், வயது, பாஸான பரீட்சை, வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்று ஒரு வரி. அவ்வளவுதான். பாவம், போதும் என்று நினைத்துவிட்டான்.

ஹெட் குமாஸ்தா தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டு முகம் சுளித்தார். இதை யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றான் பையன். கச்சேரியில் இருந்த அத்தனை குமாஸ்தாக்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

"சொந்தமா எழுதுதவன் நாளைக்குச் சொந்தமா யோசிப்பான் வே" என்றார் ஹெட் குமாஸ்தா, அறிவுரை சொல்லுகிற பாவனையில். "யோசிக்கவன் கச்சேரிக்கு என்னத்துக்கு? வெளிய வேப்பமரத்தடில சிவசண்முகம் பிள்ளை இருக்காரு. அவருட்ட எழுதி வாங்கிட்டு வாரும். நாங்க அத்தன பேரும் அவரு எழுதி உள்ள வந்தவங்கதான்."

பெருமையாகத்தான் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

சிவசண்முகம் பிள்ளை வேப்பமரத்தடியில் சாய்வுப் பெட்டியும் மைக்கூடுமாக உட்கார்ந்திருப்பார். மனு எழுதுவதில் அவருக்கு நிகர் ஜில்லாவில் கிடையாது. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே தேவசிகாமணியை உட்காரச் சொன்னார். முதல் கேள்வியே, அப்பா இருக்காவளா என்பதுதான். சௌக்கியமா இருக்காவ என்று இவன் சந்தோஷமாகச் சொன்னான்.

"அடடா" என்றார் சிவசண்முகம் பிள்ளை. துஷ்டி வீட்டில் துக்கம் விசாரிக்கிற முகம் அவருக்கு வந்துவிட்டது. "அம்மையாவது?"

"அவங்களும் இருக்காவ."

"ரெண்டு பேரையும் உசிரோட வச்சுக்கிட்டு வேலை கேக்க வந்திருக்கீரு. துணிச்சல்தான் தம்பி."

பிறகு பொறுமையாக விளக்கினார். கச்சேரிக்குத் தலைவரான துரை இங்கிலீஷ்காரர், இரக்க குணம் உள்ளவர். பரீட்சையில் பாஸானவன் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பான், அதில் துரைக்கு என்ன ருசி? அநாதைக்கு ஆதரவு கொடுத்தோம் என்று ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் வேலையே கொடுக்கிறார். ஆகையால் அப்பா செத்தே ஆக வேண்டும். எப்படிச் சாகிறார் என்பதில்தான் எழுதுகிறவனின் சாமர்த்தியம்.

அதிலும் வர வரக் கஷ்டமாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். முன்பெல்லாம் ஆற்றில் முங்கிச் செத்தால் போதும். ஆனால் குறுக்குத்துறையில் வரிசையாக அப்பாமார் முங்கியதைப் படித்துவிட்டு, துரை மனம் உருகி அங்கே ஒரு காவல் படகு நிறுத்த உத்தரவு போட்டுவிட்டார். அந்தப் படகில் சுடலைமாடன் என்று ஒருவன் சர்க்கார் செலவில் பகல் முழுக்கத் தூங்குகிறான். சரி, பேதியில் சாகட்டும் என்று எழுதினால், ஊர்க் கிணற்றிலெல்லாம் மருந்து போட்டுத் தண்ணீரை வாயில் வைக்க விளங்காமல் செய்துவிட்டார்கள். பாம்பு கடித்துச் சாகடித்ததில், பாம்பு பிடிக்கக் கூட ஒரு இலாகா வரப்போகிறதாம்.

அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டார். மணி அடிக்கிறவர் என்றதும் சிவசண்முகம் பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கை தானாகப் பேனாவை எடுத்தது. மளமளவென்று இங்கிலீஷில் எழுதினார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மாட்சிமை தங்கிய சக்கரவர்த்திக்கு முடிசூட்டிய திருநாளில், என் தகப்பனார் ஓயாமல் ஆலயமணி அடித்துக்கொண்டிருக்கையில், ராஜ விசுவாசம் மிகுந்து நெஞ்சடைத்துக் கயிற்றைப் பிடித்தபடியே மாண்டார். அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை, சக்கரவர்த்தி வாழ்க என்பதாகும். ஏழைத் தாயும் நானும் தங்கள் பாதாரவிந்தமே கதியென்று…'

எழுதி முடித்துவிட்டு அவரே ஒருமுறை படித்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட மனுஷன்!

தேவசிகாமணி வீட்டுக்குப் போய் இதைச் சொல்லமாட்டாமல் சொன்னான். சாரம்மாள் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. ஏசுவடியான் தோளில் எண்ணெய் தேய்த்தபடி முழுக்கக் கேட்டார்.

"சக்கரவர்த்தி மேல எனக்கு அம்புட்டுப் பிரியமாலே?" என்றார். பிறகு அவராகவே, "அன்னைக்கு மணி அடிச்சது மெய்தான். தோள் பிடிச்சதும் அன்னைக்குத்தான். நெஞ்சு ஒண்ணுதான் பொய். கொண்டு போய்க் குடு. வீடு வேணும்லா" என்றார்.

துரை மனுவைப் படித்ததும் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். ஹெட் குமாஸ்தாவும் எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் உச்சிவேளை மணி அடித்தது. காலமானவர் ஞாபகமாக அடிக்கிறார்கள் என்று ஹெட் குமாஸ்தா சொன்னார். துரை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு தெரு தள்ளி, காலமானவர் இடது கையால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்த மாதிரிதான். சாவு விசாரணை ஒன்று மட்டும் பாக்கி என்றார்கள். கச்சேரிச் சேவகன் கொம்பையா டவாலியை மாட்டிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனான். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த ஏசுவடியானிடமே, இங்கன ஏசுவடியான்னு ஒருத்தர் செத்தாராமே, அவருக்குத் துக்க மணி அடிச்சீங்களா என்று கேட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் இருபது வருஷமாக அறிந்தவர்கள். ஏசுவடியான் பொய் சொல்லிப் பழகாத மனிதர். அந்த ஆளுக்கு நான் இன்னும் மணி அடிக்கலை என்று உள்ளதைச் சொன்னார். கொம்பையா அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தான்.

ஹெட் குமாஸ்தாவுக்கு ஏசுவடியானைத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சந்தையில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு மனுவில் இருக்கிறது மட்டும்தான் தெரியும். தேவசிகாமணியைக் கூப்பிட்டு, "மணி அடிக்காம செத்தவன் செத்தவன் இல்ல வே. அது விட்டுப்போன சடங்கு. இப்ப அடிச்சாலும் ஏத்துக்கிடுதேன். இங்கன இருந்தே கேட்டு எழுதிக்கிடுதேன்" என்றார். பெரிய சலுகை காட்டிவிட்டவர் போல மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

ஆக, ஏசுவடியான் தனக்குத்தானே துக்க மணி அடிக்க வேண்டும். அப்படிக் கேட்கிற மகனுக்கு நாக்கு புரளுமா? தேவசிகாமணி கேட்கவே இல்லை. சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கொம்பையாதான் வந்து ஏசுவடியானிடம் பையச் சொன்னான்.

துக்க மணிக்கு ஒரு முறை இருக்கிறது. ஓர் அடி, அதன் கார்வை முழுக்க அடங்கி, மரத்துக் காக்கைச் சத்தம் காதில் விழுகிறவரை பொறுத்து, அடுத்த அடி. மற்ற மணியை எந்தக் கையால் அடித்தாலும், துக்க மணியை வலது கையால் அடிப்பதுதான் ஏசுவடியானின் வழக்கம். மறுநாள் பகலில் எழும்பாத வலது கையை இடது கையால் தூக்கிக் கயிற்றில் வைத்தார். அடித்தார். தெருப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வடிவம்மாள் என்ற கிழவி மூச்சு வாங்க, யாரு அண்ணாச்சி என்றாள். நம்ம கோயில்குட்டிதான் என்றார் ஏசுவடியான். இந்த வயசிலும் இந்த மனுஷனுக்கு வாய்க்கொழுப்பு போகலையே என்று சொல்லிக்கொண்டு அவர்கள் திரும்பிப் போனார்கள். வீட்டுக்குள் சாரம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

கச்சேரியில் ஹெட் குமாஸ்தா கண்ணை மூடிக் கடைசி அடி வரை கேட்டார். நல்ல சாவு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தேவசிகாமணி குமாஸ்தாவானான். வருஷம் திரும்பினால்தான் வேலை நிரந்தரம். அதுவரைக்கும் கோயில் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்க, அப்பா இடது கையால் மணியை இழுத்தார். மத்தியானம் மகனுக்குச் சோறும் அவரே கொண்டு வருவார். கொம்பையா வாசலிலிருந்து, காலமான ஏசுவடியான் சோறு கொண்டாந்திருக்காரு என்று முறைப்படி குரல் கொடுப்பான். காலமானவர்கள் பின்வாசல் வழியாக வர வேண்டும் என்று ஹெட் குமாஸ்தா ஒரு உத்தரவு போட்டார். அந்த உத்தரவு மிகவும் தேவையாகத்தான் இருந்தது. மத்தியான நேரத்தில் பின்வாசலில் பார்த்தால், குமாஸ்தாக்களின் காலமான தகப்பன்மார் அத்தனை பேரும் தூக்குச்சட்டியோடு ஒரே வரிசையில் நின்று விலைவாசி பேசிக்கொண்டிருப்பார்கள்.

வருகிற மனுக்களைப் பிரித்து அடுக்குவது தேவசிகாமணியின் வேலை. அந்த மனுக்களைப் படித்துப் படித்துத் துரைக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஆராய்ந்து சென்னைக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். திருநெல்வேலிச் சீமையில் மகன் மெட்ரிகுலேஷன் பாஸான உடனே தகப்பன் இறந்துவிடுகிறான். இங்கிலீஷ் படிப்பின் வேகத்தை இந்தப் பக்கத்துத் தகப்பன்மாரின் உடம்பு தாங்கவில்லை. ஜனங்களின் உயிரைக் காக்கும் பொருட்டுப் பள்ளிக்கூடங்களைக் குறைப்பது நலம் என்று அதில் எழுதியிருந்தார். அதை நகல் எடுத்தவன் தேவசிகாமணி. நகல் சுத்தமாக இருக்கிறது என்று ஹெட் குமாஸ்தா முதுகில் தட்டிக் கொடுத்தார். இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

வருஷம் திரும்பவில்லை. அதற்குள் ஒருநாள் காலையில் ஏசுவடியான் மணி அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மகன் கச்சேரிக்குக் கிளம்பிப் போயிருந்தான். தோள் வலிக்கிறது என்று சொல்லிக் கொஞ்சம் கஞ்சி கேட்டார். சாரம்மாள் கலயத்தோடு வருவதற்குள் போய்விட்டார். சேதியைக் கொம்பையாதான் கச்சேரிக்குக் கொண்டுவந்தான். அன்று குரல் கொடுக்காமல், தேவசிகாமணியின் காதோடு சொன்னான்.

தேவசிகாமணி ஹெட் குமாஸ்தா முன்னால் போய் நின்று, அப்பா இறந்துட்டாவ, லீவு வேணும் என்றான்.

"அது போன வருசச் சாவுல்லா" என்றார் அவர்.

இல்லை, இன்றைக்குக் காலையில் என்றான் இவன். ஹெட் குமாஸ்தா காதைத் தீட்டிக்கொண்டு வெளியே கவனித்தார். மணி ஒன்றும் கேட்கவில்லையே என்றார். மணி அடிக்கிறவரே செத்துக் கிடக்கிறார், யார் அடிப்பார்கள் என்று தேவசிகாமணி கேட்டான்.

ஹெட் குமாஸ்தா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கொடுமைக்காரர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அன்றைக்கு அவர் முகத்தில் மெய்யாகவே இரக்கம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை என்று கொம்பையா பிற்பாடு என்னிடம் சொன்னான்.

"நான் சொல்லுததப் பொறுமையாக் கேளும். இன்னைக்குச் செத்தாருன்னா அன்னைக்கு நீரு எழுதுனது பொய். பொய்க்காரனுக்கு இங்க வேலை இல்ல. அன்னைக்கே செத்தாருன்னா இன்னைக்கு லீவு இல்ல. ஒருத்தனுக்கு அப்பன் சாவு ஒண்ணுதான் வே, சர்க்கார் ரெண்டு கொடுக்காது. அதுக்காக உம்மக் கைவிட்டுருவனா? அம்மை மிச்சம் இருக்காவல்லா? அவுகள எழுதிக் குடும். ரெண்டு நாள் தாரேன்."

தேவசிகாமணி பேனாவை அவர் மேசைமேல் வைத்தான். முன்வாசல் வழியாகவே வெளியே நடந்தான்.

நேரே கோயிலுக்குப் போனான். கயிற்றைப் பிடித்தான். ஓர் அடி, கார்வை அடங்கி, காக்கைச் சத்தம் கேட்கிறவரை பொறுத்து, அடுத்த அடி. சின்ன வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுப் பழகிய முறை அது. எங்கும் நொண்டவில்லை. வடிவம்மாளும் மற்றப் பெண்களும் ஓடி வந்தார்கள். இந்தத் தடவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கச்சேரியில் ஹெட் குமாஸ்தா அடிகளை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு குமாஸ்தா வேலை காலி என்று எழுதி வாசலில் ஒட்டச் சொன்னார்.

அடக்கம் முடிந்தது. கமிட்டிக் காரியதரிசியே வந்திருந்து குழியில் மண் போட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சாரம்மாளிடம் மெதுவாகச் சொன்னார். துக்க மணி கேட்டேன், உன் மகன் நல்லா அடிக்கான், கோயில்குட்டி வேலையை அவனுக்கே கொடுத்தால் வீடும் உங்களுக்கே இருக்கும், முறைக்கு ஒரு மனு மட்டும் எழுதிக் கொடுக்கச் சொல்லு என்று அவரே யோசனையும் சொன்னார்.

தேவசிகாமணி தானே உட்கார்ந்து எழுதினான். 'என் தகப்பனார் ஏசுவடியான் இறந்துவிட்டார். அவர் செய்த வேலையை எனக்குத் தர வேண்டுகிறேன்.' வேறு ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தோன்றவும் இல்லை.

காரியதரிசி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஏ தம்பி, ஏசுவடியானை நான்தான் மண் போட்டு மூடினேன். எனக்குத் தெரியும். ஆனா கமிட்டில நாலு பெரிய மனுசர் படிப்பாங்க. அப்பா செத்துட்டாருன்னு ஊர்ல எல்லா மனுவுலயும்தான் எழுதுதாங்க. இதப் பாத்தா மெய் மாதிரி இல்லியே. சிவசண்முகம் பிள்ளைட்ட குடுத்து, நம்புத மாதிரி எழுதி வாங்கிட்டு வா."

வேப்பமரத்தடியில் சிவசண்முகம் பிள்ளை வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில், அப்பா இருக்காவளா என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. செத்துப்போயிட்டாவ."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

சிவசண்முகம் பிள்ளையின் கை வெற்றிலையோடு அப்படியே நின்றது. எப்படி என்று விசாரித்தார். காலையில் மணி அடித்துவிட்டு வந்ததையும், தோள் வலி என்றதையும், கஞ்சி கேட்டதையும், அம்மா கலயத்தோடு வருவதற்குள் போனதையும் தேவசிகாமணி சொன்னான்.

"கஞ்சி கேட்டாவன்னு எழுதுனா எவன் தம்பி நம்புவான்?" என்றார் அவர். வருத்தமாகத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு மைக்கூட்டைத் திறந்தார். "கோயிலுக்குல்லா எழுதுதோம். சக்கரவர்த்தி வேண்டாம். ஓயாம ஜெபமணி அடிக்கையில, பக்தி மிகுந்து நெஞ்சடைச்சு, கயித்தப் பிடிச்சபடியே மாண்டாருன்னு போடட்டுமா?"

கோயில் வளவில் சாரம்மாள் பானை சட்டியை வெளியே எடுத்து அடுக்கிவிட்டு, மகன் என்ன சேதி கொண்டுவரப் போகிறான் என்று பாதையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கஞ்சிக் கலயம் அடுக்கின் உச்சியில் இருந்தது.

"எழுதுங்க அண்ணாச்சி" என்றான் தேவசிகாமணி.